கோடிங் பழக எந்த லேப்டாப், எந்த ஓஎஸ்?

பொறியியல் கலந்தாய்வு முடிந்தால் சொந்தக்காரர்களிடமிருந்து எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். போன வருடம் முதலில் அழைத்தது பெரியம்மா மகள். "தம்பி, பாப்பாவுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைச்சிருக்கு. லேப்டாப் வாங்கணும். ஐ7 வாங்கிட்டா நாலு வருஷம் தாங்கும்ல?"

எல்லோரும் பிராசஸரில்தான் ஆரம்பிக்கிறார்கள். கடைக்காரர் பேசுவதும் அதைத்தான், பெட்டியின் மேல் பளபளவென்று ஒட்டியிருப்பதும் அதுதான். ஆனால் நிரல் எழுதிப் பழகும் ஒருவரை மூன்றாம் ஆண்டில் பாடாய்ப் படுத்துவது பெரும்பாலும் பிராசஸர் அல்ல. ரேம். திறந்திருக்கும் மென்பொருள்கள் தங்கள் தகவல்களைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இடம் அது. அதிலும், கூட்டிக்கொள்ள வழியில்லாத ரேம். ஏன் என்று முதலில் பார்த்துவிடலாம். கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான ஓஎஸ் விண்டோஸா லினக்ஸா மேக்கா என்ற கேள்விக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது.

8 ஜிபி எங்கே போகிறது

நிரல் எழுதுவது என்றால் எழுத்துகளைத் தட்டுவதுதான். அந்த வேலைக்கு மட்டும் என்றால் எந்தப் பழைய கணினியும் போதும். சுமை ஏற்றுவது அதைச் சுற்றி நிற்கிற பரிவாரம்.

ஒரு சாதாரண மாலையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப். விண்டோஸ் 11 எழுந்து உட்கார்ந்ததுமே, நீங்கள் எதையும் திறப்பதற்கு முன்பே, சுமார் 3 ஜிபியை எடுத்துக்கொள்ளும். பிரவுசரில் ஒரு பாடக் காணொளி, சந்தேகம் தேடித் திறந்துவைத்த பத்துப் பக்கங்கள் என்றால் ஏறக்குறைய 2 ஜிபி. அப்புறம் விஎஸ் கோட். பார்க்க எளிமையான எடிட்டர் போல இருந்தாலும், அது ஓடுவது குரோம் பிரவுசருக்கு அடியில் இருக்கிற அதே எஞ்சினில். நாலைந்து எக்ஸ்டென்ஷன்கள் சேர்த்தால் அது ஒரு ஜிபியைத் தொடும். ஆக மொத்தம் 6 போய்விட்டது. உங்கள் நிரல் இன்னும் ஓடவே தொடங்கவில்லை.

முதல் ஆண்டில் இது தெரியாது. சி, பைத்தான், எச்டிஎம்எல் எல்லாம் சாதுவானவை. 4 ஜிபியிலும் ஓடும். (சில கல்லூரி ஆய்வகங்களில் இன்னமும் டர்போ சி வைத்திருக்கிறார்கள். அது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து 16 பிட் மென்பொருள். இன்றைய விண்டோஸில் நேரடியாக ஓடாது, பழைய டாஸைப் போலச் செய்துகாட்டும் டாஸ்பாக்ஸுக்குள்தான் ஓடும். அதில் முழு எண்ணுக்கு 2 பைட் என்பதால் 32767ஐத் தாண்டினால் எண் மைனஸில் போய் நிற்கும். இன்றைய ஜிசிசி கம்பைலரில் பொதுவாக 4 பைட். வீட்டில் சரியாக வந்த விடை ஆய்வகத்தில் தப்பாக வந்தால் குழம்பவேண்டாம், உங்கள் மேல் தப்பில்லை.) பிறகு ஒரு நாள் ஆண்ட்ராய்டு செயலி எழுதலாம் என்று உட்காருவீர்கள். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுடன் எமுலேட்டரையும் சேர்த்து ஓட்டக் குறைந்தபட்சம் 16 ஜிபி வேண்டும் என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. எமுலேட்டர் என்பது லேப்டாப்புக்குள் ஒரு முழு போனை ஓட்டுவது. அதற்கென்று தனியாக ரேம் கேட்கும். டாக்கர் (நிரலை அதற்கு வேண்டியவற்றோடு தனிப் பெட்டியில் அடைத்து ஓட்டும் கருவி), டேட்டாபேஸ் என்று மற்றவை வந்து சேர்வதும் இந்தச் சமயத்தில்தான்.

ரேம் நிரம்பினால் கணினி நின்றுவிடாது. உடனடியாகத் தேவைப்படாத பகுதிகளை எடுத்து டிஸ்கில் வைத்துக்கொண்டு, கேட்கும்போது திரும்பக் கொண்டுவரும். இதை ஸ்வாப் என்பார்கள். தொல்லை என்னவென்றால் இரண்டுக்கும் உள்ள வேக வித்தியாசம். ரேமில் ஒரு தகவலை எடுக்கச் சுமார் 100 நானோ நொடி ஆகிறது. எஸ்எஸ்டி என்ற, சுழலும் பாகம் இல்லாத டிஸ்கில் 100 மைக்ரோ நொடி, அதாவது ஆயிரம் மடங்கு. பழைய சுழலும் ஹார்டு டிஸ்கில் 10 மில்லி நொடி, லட்சம் மடங்கு. நம் அளவுக்குக் கொண்டுவந்து பார்த்தால் இப்படி வரும்: ரேம் ஒரு நொடியில் கொடுத்ததை எஸ்எஸ்டி கொடுக்க 17 நிமிடம், ஹார்டு டிஸ்க் கொடுக்க ஒரு நாளுக்கும் மேல். "ஹேங் ஆகுது" என்று நாம் சொல்வதில் பாதி இந்தக் காத்திருப்புதான். ஐ9 பிராசஸர் இருந்தாலும் அது சும்மா உட்கார்ந்து காத்திருக்கும்.

அதனால் 16 ஜிபி வாங்குங்கள். பணம் இடிக்கிறது என்றால் இன்றைக்கு 8 ஜிபி, ஆனால் இன்னொன்று செருக ஒரு ஸ்லாட் காலியாக இருக்கவேண்டும். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். வாங்கிய அன்று எவ்வளவோ, கடைசி வரை அவ்வளவுதான். எல்பிடிடிஆர் என்று தொடங்கும் வகை ரேம் ஏறக்குறைய எப்போதுமே இப்படிப் பற்றவைத்ததாகத்தான் இருக்கும்.

கடையிலேயே இதைக் கண்டுபிடித்துவிடலாம். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரி என்பதைத் தட்டுங்கள். எத்தனை ஸ்லாட்டில் எத்தனை பயன்பாட்டில் என்று வலப்பக்கம் கீழே இருக்கும். அங்கேயே ஃபார்ம் ஃபேக்டர் என்ற வரியில் 'சோடிம்' என்று இருந்தால் கழற்றி மாட்டலாம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் பற்றவைத்தது. சில மாடல்களில் ஒரு பாதி பற்றவைத்தும் இன்னொரு பாதிக்கு ஸ்லாட்டும் இருக்கும், அதுவும் சரிதான். மாடல் எண்ணைச் சொல்லித் தேடியும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். "ஏத்திக்கலாம் சார், பிரச்சினையே இல்ல" என்ற கடைக்காரரின் வாக்கை மட்டும் நம்பாதீர்கள்.

ஸ்டிக்கரில் இருக்கும் எண்

சரி, பிராசஸர். ஐ3, ஐ5, ஐ7 என்பது ஒரே தலைமுறைக்குள் மட்டும் பொருந்தும் தரவரிசை. தலைமுறை மாறினால் அந்த வரிசைக்கு அர்த்தமில்லை. இன்டெல்லின் ஐ7 7500யு ஏழாம் தலைமுறை, 2016இல் வந்தது. அதில் இருப்பது இரண்டே கோர் (கோர் என்பது பிராசஸருக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி). ஐ3 1215யு பன்னிரண்டாம் தலைமுறை; ஆறு கோர். பழைய சந்தையில் "ஐ7 சார்" என்று முன்னதைக் கூடுதல் விலைக்குத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். பின்னொட்டையும் பாருங்கள். யு என்றால் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் ரகம், பேட்டரி நிற்கும். ஹெச் என்றால் வேகம் கூடுதல், சூடும் கூடுதல்.

ஏஎம்டி இதில் இன்னும் குறும்புக்காரர்கள். ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு. ஒரு எண்தான் வித்தியாசம், அடுத்தடுத்த அலமாரியில் இருக்கும். 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பின் வயதைச் சொல்வது. 2 என்றால் ஜென் 2, அது 2019இல் வந்த வடிவமைப்பு. 3 என்றால் ஜென் 3. முன்னதில் நான்கு கோர், பின்னதில் ஆறு. போதாததற்கு 7520யு பற்றவைத்த ரேமோடு மட்டுமே வரும். விலை குறைவாக இருக்கிறதே என்று எடுத்தால் 8 ஜிபியிலேயே காலத்தை ஓட்டவேண்டியதுதான்.

டிஸ்கில் யோசிக்க ஒன்றுமில்லை. எஸ்எஸ்டிதான், முடிந்தால் 512 ஜிபி. தனி கிராஃபிக்ஸ் கார்டு வீடியோ கேம் எழுதுகிறவர்களுக்கும் விளையாடுகிறவர்களுக்கும். மெஷின் லேர்னிங் படிக்க வேண்டுமே என்று அதற்குப் பணத்தைக் கொட்டவேண்டாம். கூகுள் கோலாப் என்ற இணையச் சேவை இலவசமாகவே ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) தருகிறது, பாடத்துக்கு அது போதும். அந்தப் பணத்தை ரேமில் போடுங்கள். கீபோர்டை மட்டும் கடையில் ஐந்து நிமிடம் தட்டிப் பாருங்கள், அதை எந்த விவரப் பட்டியலும் சொல்லாது.

ஓஎஸ்: உங்கள் நிரல் எங்கே ஓடப்போகிறது?

என் முதல் வேலையில் ஒரு வாடிக்கையாளருக்கு இணையதளம் செய்தோம். என் விண்டோஸ் லேப்டாப்பில் அழகாக ஓடியது. சர்வரில் ஏற்றினால் முகப்புப் படம் மட்டும் வரவில்லை. இரவு பதினொரு மணி வரை நிரலை வரிவரியாகப் படித்தேன். கடைசியில் பார்த்தால், படக் கோப்பின் பெயரில் முதல் எழுத்து பெரிய 'பி'; நிரலில் நான் எழுதியிருந்தது சின்ன 'பி'. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. சர்வர் லினக்ஸ், அதற்கு இரண்டும் வேறு வேறு கோப்பு.

ஓஎஸ் தேர்வில் நான் முதலில் பார்ப்பது இதனால்தான். நிரல் எந்தச் சூழலில் ஓடப்போகிறதோ, அதற்கு நெருக்கமான சூழலில் எழுதினால் இந்த மாதிரி இரவுகள் குறையும். வித்தியாசங்கள் பெரிய எழுத்து சின்ன எழுத்தோடு நிற்பதில்லை. ஒரு வரி எங்கே முடிகிறது என்பதை விண்டோஸ் இரண்டு குறிகளால் எழுதும், லினக்ஸ் ஒன்றால் எழுதும். கோப்புறைகளுக்கு நடுவே விண்டோஸ் போடும் சாய்கோடு ஒரு பக்கம் சாயும், லினக்ஸில் மறுபக்கம்.

இன்று இணையத்தில் இருக்கும் சர்வர்களில் பெரும்பாலானவை லினக்ஸ். 1991இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கெர்னல் அது. கெர்னல் என்பது ஓஎஸ்ஸின் உட்கரு: எந்த நிரலுக்கு எவ்வளவு ரேம், யாருக்கு எப்போது பிராசஸர் என்று பங்கு பிரித்துக் கொடுப்பது அதுதான். ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல். உலகின் அதிவேகக் கணினிகள் 500ஐப் பட்டியலிடுகிறார்களே, 2017 நவம்பரிலிருந்து அந்த ஐந்நூறும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. அந்தக் கெர்னலின் மேல் மற்ற மென்பொருள்களைச் சேர்த்துக் கட்டி வெளியிடும் தொகுப்புகள்தான் உபுண்டு, டெபியன், ஃபெடோரா எல்லாம். ஆரம்பிப்பவர்களுக்கு உபுண்டுவைச் சொல்வேன், அதிலும் எல்டிஎஸ் பதிப்பு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும், ஐந்து ஆண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். 24.04 என்றால் 2024 ஏப்ரலில் வந்தது என்று பொருள். ஆகவே படிப்பு முடியும்வரை மாற்றவேண்டியதில்லை.

அப்படியானால் விண்டோஸைத் துடைத்துவிட்டு உபுண்டு போட்டுவிடலாமா? மாணவர் என்றால் அவசரப்படாதீர்கள். நான்காம் ஆண்டில் வேலைவாய்ப்புத் தேர்வுகள் வரும். ஆன்லைன் தேர்வுகளுக்கான பிரவுசர்களில் சில லினக்ஸில் ஓடாது. சேஃப் எக்ஸாம் பிரவுசர் விண்டோஸுக்கும் ஆப்பிள் கருவிகளுக்கும் மட்டும்தான். பக்கத்து அறை மெக்கானிக்கல் நண்பருக்கு சாலிட்வொர்க்ஸ் வேண்டும், அதுவும் விண்டோஸ்தான்.

இதற்கு நடுவழி ஒன்று இருக்கிறது. டபிள்யூஎஸ்எல். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி. மைக்ரோசாஃப்ட் இதை 2016இல் கொண்டுவந்தது. 2019இல் அறிவித்த இரண்டாம் பதிப்பில் உண்மையான லினக்ஸ் கெர்னலே உள்ளே ஓடுகிறது. விண்டோஸில் கட்டளைகளைத் தட்டும் பவர்ஷெல்லில் ஒரே கட்டளையில் உபுண்டு வந்து இறங்கிவிடும். விஎஸ் கோட் விண்டோஸில் இருந்தபடியே உள்ளே இருக்கும் லினக்ஸ் கோப்புகளைத் திருத்தும். புதிதாக வருகிறவர்கள் பலருக்கும் நான் இதையே சொல்கிறேன். இரண்டு விஷயங்களை மட்டும் நினைவில் வையுங்கள். ஒன்று, உங்கள் கோப்புகளை லினக்ஸ் பக்கத்து ஹோம் கோப்புறையில் வையுங்கள். சி டிரைவில் வைத்துவிட்டு லினக்ஸிலிருந்து எட்டிப் பிடித்தால் ஒவ்வொரு கோப்புக்கும் இரண்டு ஓஎஸ்ஸும் பேசிக்கொள்ள வேண்டும், ஆமை வேகம் ஆகிவிடும். இரண்டு, அது ஓடும்போது இருக்கிற ரேமில் பாதி வரை எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் வழக்கமான அமைப்பு. 8 ஜிபி லேப்டாப்பில் 4 ஜிபி! மேலே போட்ட கணக்கில் 3 ஜிபி ஏற்கெனவே விண்டோஸுக்குப் போய்விட்டதே. சுற்றிச் சுற்றி ரேமிலேயே வந்து நிற்கிறேன் பாருங்கள்.

டாக்கரும் இதே கதை. அந்தப் பெட்டிகளைக் கண்டெய்னர்கள் என்பார்கள்; அவை தனித்தனி கணினிகள் போலத் தெரிந்தாலும் எல்லாமே ஒரு லினக்ஸ் கெர்னலைப் பகிர்ந்துகொள்கின்றன. லினக்ஸில் ஓட்டினால் இருக்கிற கெர்னலே போதும். விண்டோஸிலும் மேக்கிலும் அதற்காகவே பின்னணியில் ஒரு குட்டி லினக்ஸ் ஓடவேண்டும். அதே 8 ஜிபி லேப்டாப் லினக்ஸில் சுறுசுறுப்பாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டூயல் பூட் என்பது இன்னொரு வழி. ஒரே டிஸ்கில் இரண்டு ஓஎஸ், ஆன் செய்யும்போது ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ரேம் முழுவதும் ஒரே ஓஎஸ்ஸுக்குக் கிடைக்கும். ஆனால் டிஸ்கைப் பிரிக்கும் முன் டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அதன் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் அது கேட்காமலேயே போடப்பட்டிருக்கும். அப்புறம் ஒரு நாள் விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். பேய் இல்லை. மதர்போர்டின் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொதுநேரத்தை எழுதி வைக்கும். விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று நினைத்துப் படிக்கும். லினக்ஸில் ஓர் அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும்.

மேக் பற்றிச் சுருக்கமாக. ஐபோன் செயலி எழுதுவதாக இருந்தால் வேறு பேச்சே இல்லை. அதற்கான ஆப்பிளின் மென்பொருளான எக்ஸ்கோட் மேக்கில் மட்டுமே ஓடும். ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் ஒரே நிரலில் செயலி எழுதும் ஃபிளட்டரில் எழுதினாலும் ஐபோனுக்கான கடைசிக் கட்டத்துக்கு மேக் வேண்டும். மேக் ஓஎஸ் யூனிக்ஸ் வழி வந்தது என்பதால் டெர்மினல் கட்டளைகள் பெரும்பாலும் லினக்ஸ் போலவே இருக்கும். ஆனால் நான் பட்ட பெரிய 'பி', சின்ன 'பி' தொல்லை அங்கேயும் உண்டு, வழக்கமான அமைப்பில் மேக்கும் அவற்றை ஒன்றாகத்தான் பார்க்கும். 2020 நவம்பரில் வந்த ஆப்பிளின் எம்1 சிப் முதல் பேட்டரி நிற்பதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. ரேம் அந்தச் சிப்போடு ஒட்டியே வருகிறது, பின்னால் கூட்ட வழியே இல்லை. 2024 அக்டோபர் வரை மேக்புக் ஏரின் அடிப்படை மாடல்கள் 8 ஜிபிதான். மலிவாகக் கிடைக்கும் பழைய எம்1 பெரும்பாலும் அந்த ரகம்.

பழைய லேப்டாப்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முந்தியதை ஏற்பதில்லை. அதனால் நல்ல நிலையில் இருக்கும் லேப்டாப்கள் பரணுக்குப் போகின்றன. வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், ஏன், அண்ணனுக்கோ அக்காவுக்கோ அரசு கொடுத்த பழைய லேப்டாப்பாக இருந்தாலும், ஒரு எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஏற்றிப் பாருங்கள். முதல் ஆண்டுப் பாடத்துக்கு அது தாங்கும். புதிது வாங்குவதை ஒரு வருடம் தள்ளிப்போடலாம். அதற்குள் எந்தப் பக்கம் ஆர்வம் போகிறது என்றும் தெரிந்துவிடும்.

பணம் குறைவு, ஆனால் ரேம் வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு வழி, நிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டு பயன்படுத்திவிட்டு மொத்தமாகத் தள்ளும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகைகள். சென்னை ரிச்சி தெருவில் நிறையக் கிடைக்கும். எட்டாம் தலைமுறை பிராசஸருடன் 2018இல் வந்த திங்க்பேட் டி480க்கு இன்னமும் ரசிகர்கள் இருப்பதற்கு அதன் இரண்டு ரேம் ஸ்லாட்டும் கழற்றி மாட்டும் பேட்டரியும் காரணம். வாங்கும்போது ஆன் செய்து, ஓஎஸ் தொடங்குமுன் வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அது பழைய நிறுவனம் போட்ட பூட்டு.

கையோடு 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் உபுண்டுவை ஏற்றி எடுத்துப் போகலாம். எதையும் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே அது ஓடும். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். லினக்ஸில் தகராறு செய்வது பெரும்பாலும் இந்த மூன்றுதான்.

அக்கா மகளுக்குக் கடைசியில் வாங்கியது பன்னிரண்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி, ஒரு ஸ்லாட் காலி. ஐ7 இல்லையே என்று அக்காவுக்கு மனக்குறை. மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி போன். குரலில் பதற்றம்.

"தம்பி, புது லேப்டாப்பைத் தலைகீழாப் போட்டு ஸ்க்ரூ எல்லாம் கழட்டி வெச்சிருக்கா. கேட்டா, மாமாதான் ஸ்லாட் காலியா இருக்கணும்னு சொன்னாருங்கறா!"